பனம்பியைத் தேடி வந்த கிளி

பாதிரியார்கள் ஆற்றங்கரையில் கட்டிய ஊருக்குக் காட்டிலிருந்து ஒரு பஞ்சவர்ணக்கிளி பறந்து வந்து, மாதா கோயில் கூரையில் இறங்கியது. அங்கே புறா ஒன்று உட்கார்ந்திருந்தது.

“எங்க காட்டு குவரானி ஜனங்க இங்கதானே வந்தாங்க? பனம்பின்னு ஒருத்தி, எனக்குப் பழம் கொடுப்பா. பார்த்தியா?”

“அப்படி யாரும் இல்லையே. அடிமை பிடிக்கிறவங்களுக்குப் பயந்து வந்தவங்க எல்லாருக்கும் இங்கே ஞானஸ்நானம் கொடுத்துப் புதுப்பேர் வெச்சாச்சு.”

‘பழைய பேர் எங்கே போயிருக்கும்?’ என்று கிளி யோசித்தது.

மணி அடித்தது. பெண்கள் ஒரே மாதிரி வெள்ளை அங்கியில் வரிசையாகப் பூசைக்கு வந்தார்கள். கிளிக்கு யாரையும் அடையாளம் தெரியவில்லை. கூப்பிட்டுத்தான் பார்ப்போமே என்று, “பனம்பி!” எனக் கத்தியது.

“கத்தாதே, கல்லெறிஞ்சு விரட்டுவாங்க!” என்று புறா பதறியது.

நடுவில் ஒருத்தி சட்டென்று நின்று அண்ணாந்து பார்த்தாள். அவள் கண் கலங்கியது. பின்னால் நின்றவள் கூரையைப் பார்த்து மெல்லக் கேட்டாள்:

“என் பேரும் உனக்கு ஞாபகம் இருக்கா?”