சுண்ணாம்பு நம்பர்

மறுபடியும் நம்பரைக் காணோம்!

ஞானதாஸ் கற்களைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தான். வடமதுரைப் பக்கம், கரட்டு அடிவாரத்தில் இருக்கும் பெருங்கற்காலத்துச் சமாதிக்கு அவன்தான் சர்க்கார் காவல்காரன். சுற்றிலும் பலகைக்கல், மேலே ஒரு மூடுகல். ஊர்க்காரர்களுக்கு அது மாண்டவர் மேடு. இனி யாரும் அதைத் தொடக் கூடாது என்று புதைபொருள் இலாகா உத்தரவு போட்டு, கல்லுக்குக் கல் சுண்ணாம்பால் நம்பரும் எழுதிவிட்டுப் போயிருந்தது.

அந்த நம்பர்தான் ராத்திரியோடு ராத்திரியாக மாயமாகிறது. இவனும் சளைக்காமல் திரும்ப எழுதுகிறான். மழையா? ஒரு பொட்டுத் தூறல் இல்லை. ஆடு உரசியதா? ஆடு என்ன, எல்லாக் கல்லையும் பார்த்துப் பார்த்தா உரசும்? ஒருவேளை உள்ளே இருக்கிறவனே எழுந்து வந்து...

அவசரமாகச் சிலுவை போட்டுக்கொண்டான்.

வேலையோ தற்காலிகம். நாளைக்கு மதராசிலிருந்து ஆபீசர் வருகிறார். நம்பர் இல்லாவிட்டால் சீட்டைக் கிழித்துவிடுவார்.

"எல்லாம் அந்த ஜக்கம்மா வேலைதான்," என்றாள் அவன் மனைவி புஷ்பமேரி. "மேட்டை ஒட்டித்தானே அவ வெங்காயக் காடு? நம்பர் அழிஞ்சா கல்லைப் பேத்துப் போட்டுட்டு மேட்டையும் சேத்து உழுதுருவா."

"சீச்சீ! தெனம் எனக்குக் கூழு ஊத்துற மகராசி அவ."

"ஊத்துற கை சும்மாவா ஊத்தும்?"

யாரை நம்புவது? நம்பரைத் திரும்ப எழுதிவிட்டு, மறுநாள் விடிவதற்கு முன்பே போய்ப் புதருக்குப் பின்னால் உட்கார்ந்துவிட்டான்.

வந்தாள். ஜக்கம்மாளேதான்! இடுப்பில் தண்ணீர்க் குடம், கையில் தேங்காய் நார். குத்தவைத்து உட்கார்ந்து, எண்ணெய்ச் சட்டியைத் தேய்க்கிற மாதிரி கல்லைத் தேய்க்க ஆரம்பித்தாள்.

"அடிப்பாவி அக்கா!" ஞானதாஸ் பாய்ந்து வந்தான். "உன் கூழைக் குடிச்ச வாயாலேயே உன்னைத் திட்ட வச்சுட்டியே! நெலத்தாசை இம்புட்டா?"

"நெலமா? எந்த நெலம்?" அவள் நிஜமாகவே விழித்தாள்.

"பெறகு எதுக்கு நம்பரை அழிக்கிற? என் பொழைப்புல மண்ணைப் போடவா?"

கையிலிருந்த நார் நழுவி விழுந்தது. "ஐயய்யோ, ஒன் பொழைப்புக்குக் கேடு வரும்னு எனக்குத் தெரியாதே அப்பு!" என்றாள். அழுதுகொண்டே மேலே சொன்னாள்:

"ரோட்டோரத்துப் புளியமரத்துக்கெல்லாம் இப்படித்தான் சர்க்கார் நம்பர் போட்டுச்சு. மறுவாரமே அம்புட்டையும் வெட்டிச் சாச்சுட்டாக. நம்பர் அழிஞ்சுபோன ஒத்த மரந்தான் தப்பிச்சு நிக்குது. யாரு பெத்த பிள்ளைகளோ, இதுக்குள்ள படுத்திருக்குதுக. ஏன்னு கேக்க ஒரு நாதி இல்ல. அதான் நான் அழிச்சேன்."