சாயாமல் பிடித்தவர்

“மெடல் குத்த வேண்டிய சட்டையிலேர்ந்து அடையாள அட்டையைக் கழட்டி வாங்கிட்டீங்களே, இது எந்த ஊர் நியாயம் மேடம்?”

உட்காரச் சொல்வதற்கு முன்பே கேட்டுவிட்டாள். உட்காருவதற்கா வந்தாள்?

மேனேஜர் நிமிர்ந்தார். ஐம்பதைத் தொட்ட பெண்மணி. சாயம் பூசாத நரை, சிரித்துப் பழகாத முகம்.

“நீங்க?”

“நீங்க சஸ்பெண்ட் பண்ணி வீட்ல உட்கார வெச்சிருக்கீங்களே, அந்த டெக்னீஷியனோட சம்சாரம்.”

“அவர் வரலையா?”

“வந்துட்டாலும்! பிள்ளைப்பூச்சி. ‘மூணு மாசம்தானே, பேசாம இருடி’ன்னு சொல்லிட்டு ஃபேனைத் துடைச்சிட்டிருக்கார். நேத்துதான் துடைச்சார்.”

மேனேஜருக்குப் பின்னால் முழுநீளக் கண்ணாடிச் சுவர். அதற்கு அப்பால் பளிச்சென்று ஒரு பெரிய கூடம். கூரையில் தண்டவாளம் ஓட, அதில் சின்னச் சின்ன வண்டிகள் ஆளில்லாமல் போய்க்கொண்டிருந்தன. ஒவ்வொரு வண்டியும் ஒரு பெட்டியைத் தூக்கிவந்து, மேலிருந்து வார் விட்டு, மெஷினின் மேடையில் இறக்கி வைத்தது. பெட்டிக்குள் சிப்பு செய்கிற சிலிக்கான் தட்டுகள். கண்ணாடியைவிட மெல்லிசு என்று வீட்டுக்காரர் சொல்லிச் சொல்லி அவளுக்கே மனப்பாடம்.

“பெட்டி இறங்கறப்ப ஒரு பக்கமாச் சாய்ஞ்சுது. உங்க சென்சார், கேமரா, கம்ப்யூட்டர் எல்லாம் குறட்டை விட்டுச்சு. பார்த்தது எங்க வீட்டுக்காரர். ஓடிப்போய்த் தாங்கிப் பிடிச்சார். ஒரு தட்டு உடையலை. உண்டா இல்லையா?”

“உண்டு.”

“அடுத்த மாசம் சூப்பர்வைசர் ஆக வேண்டிய மனுஷன். அதுக்கும் வேட்டு வெச்சிட்டீங்களாமே?”

“ஆமா. ஒரு வருஷத்துக்கு அதைப் பத்திப் பேச முடியாது.”

ஆமாவாம். பூசி மெழுகக்கூடத் தெரியவில்லை இந்தப் பெண்மணிக்கு.

“என் நாத்தனார் போன் போட்டுக் கேக்கறா, ‘அண்ணி, அண்ணன் எதையாவது எடுத்துட்டாரா?’ன்னு. கூடப்பிறந்தவளே இப்படிக் கேட்டா, ஊர்ல உள்ளவ சும்மா இருப்பாளா?”

மேனேஜர் எழுந்து கண்ணாடியருகே போனார்.

“இங்க வாங்கம்மா. அவர் எப்படிப் பிடிச்சார்னு உங்ககிட்ட சொன்னாரா?”

“எப்படின்னா? கையாலதான்.”

“தரையில மஞ்சக் கோடு தெரியுதா? வண்டி ஓடறப்ப யாரும் அதைத் தாண்டக் கூடாது. இவர் தாண்டினார். இறங்கிட்டிருந்த பெட்டிக்கு அடியில போய்த் தோள் குடுத்து நின்னார். கீழே ஆள் நிக்கறது வண்டிக்குத் தெரியாது. அது பாட்டுக்கு இறக்கும். வார் அறுந்திருந்தா நேரா கழுத்துலதான்.”

தோள் சுளுக்கிவிட்டது, தைலம் எங்கே என்று கேட்ட மனுஷன் இதைச் சொல்லவேயில்லை.

“பக்கத்துலயே சிவப்பு பட்டன் இருக்கு. அதைத்தான் அழுத்தியிருக்கணும்.”

“அழுத்தியிருந்தா பெட்டி நின்னிருக்குமா?”

“நின்னிருக்காது. விழுந்து நொறுங்கியிருக்கும்.”

“நஷ்டம் யாருக்கு?”

“எங்களுக்கு.”

“அப்ப உங்க நஷ்டத்தைத் தடுத்ததுக்கு எங்க வீட்ல தண்டனை. நல்லா இருக்கு உங்க கணக்கு!”

“இனிமே அங்க பெட்டி சாயாதும்மா. ரெண்டு பக்கமும் தடுப்புக் கம்பி போட்டாச்சு. கொஞ்சம் சாய்ஞ்சாலும் வண்டி நின்னுடற மாதிரியும் பண்ணியாச்சு.”

“பெட்டிக்குத் தடுப்பு போட்டீங்க, சரி. பிடிச்ச மனுஷனைப் பிடிச்சுத் தள்ளிட்டீங்களே.”

கழுத்து என்ற சொல் காதைவிட்டுப் போகத்தான் இல்லை. ஆனால் கோபத்தோடு படியேறி வந்தவளுக்கு இறங்குகிற வழி அவ்வளவு சீக்கிரம் கண்ணில் படுமா?

“சரி, கோட்டைத் தாண்டினது தப்புன்னே வெச்சுப்போம். கூப்பிட்டு ரெண்டு வார்த்தை திட்டிட்டு விட்டிருக்கலாம். உங்களுக்கு மேல இருக்கறவங்களே, விழா வெச்சுப் பாராட்டணும்னாங்களாமே. நீங்கதான் கூடவே கூடாதுன்னு ஒத்தைக் கால்ல நின்னு இந்தத் தண்டனையை வாங்கிக் குடுத்தீங்களாம். அது நிஜமா?”

“நிஜம்தான்.”

“அப்படி என்ன மேடம் வன்மம் அவர் மேல?”

மேனேஜர் கண்ணாடிக்கு அப்பால் ஒரு பெட்டி இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த மௌனம்தான் அவளை இன்னும் கிளப்பிவிட்டது. திமிர் பிடித்தவர்களின் மௌனம் பேச்சைவிடக் கேவலம் என்பது அவள் கட்சி.

“பதில் வராது. எப்படி வரும்? உங்க வீட்டுக்காரர் இப்படி வேலையில்லாம, கூரையைப் பார்த்துட்டு வீட்டோட உட்கார்ந்திருந்தா அப்பத் தெரியும் உங்களுக்கு.”

பெட்டி மேடையில் பதமாக உட்கார்ந்தது. வண்டி நகர்ந்தது. மேனேஜர் திரும்பினார்.

“எங்க வீட்டுக்காரரும் இதே வேலைதான்மா பார்த்தார். வேற கம்பெனி. அவரும் இப்படித்தான் ஒரு பெட்டிக்குத் தோள் குடுத்து நின்னார்.”

“அவரையும் சஸ்பெண்ட் பண்ணினாங்களா?”

“இல்லம்மா. மேடையில ஏத்தி, எல்லாரும் எழுந்து நின்னு கைதட்டி, பரிசு குடுத்தாங்க. அதனாலதான் ரெண்டாவது தடவையும் போய் நின்னார்.”