ஐந்தாவது பிக்கப்

பச்சைத் துணி விரித்த மேசைமேல் இரண்டு பிக்கப்புகளையும் வைத்துவிட்டு, எதை எடுப்பது என்று தெரியாதவனைப் போல அவன் முகத்தைச் சுளித்துக்கொண்டான்.

நடிப்பு கச்சிதமாக இருந்தது. ஏற்கெனவே நான்கு முறை மேடையேறிய நடிப்பு.

கிட்டார் தந்திகளுக்குக் கீழே உட்கார்ந்து அவற்றின் அதிர்வை ஒலிபெருக்கிக்கு அனுப்பும் இந்தக் காந்தக் கட்டையை, புத்தி தெளிவாக உள்ளவர்கள் ஆயுளில் ஒரு முறை மாற்றினாலே அதிகம். இவன் ஒரே வருடத்தில் நான்கு கொண்டுவந்து கொடுத்துவிட்டான். இன்று ஐந்தாவது. அதையும் ஒன்றாக வாங்காமல் இரண்டாக வாங்கி வந்திருந்தான். எதைப் போடுவது என்று பேசி முடிவெடுக்க அரை மணி நேரமாவது ஆகுமே!

எல்லாக் கூத்தும் அந்த அரை மணி நேரத்துக்காகத்தான். மேசைக்கு அந்தப் பக்கம் சாலிடர் கம்பியோடு நிற்கிறவளுக்காகத்தான்.

கிட்டார் பழுதுபார்க்கும் கடை அவளுடையது. சுவரில் அவள் கையாலேயே எழுதிய பலகை தொங்கியது: ‘சத்தம் பிடித்தால்தான் கூலி.’

அவனுக்கு அது கும்பிட வேண்டிய பலகை. நான்கு முறையும் கிட்டாரை வாங்கிப்போய், பத்து நாள் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிட்டு, “பிடிக்கல” என்று திரும்பி வந்து நின்றான். பிடித்திருக்கிறது என்று ஒரு வார்த்தை சொன்னால் விவகாரம் அங்கேயே முடிந்துவிடும். அப்புறம் எந்த முகத்தை வைத்துக்கொண்டு வருவது?

“அந்தக் கிட்டாரை விட்டுட்டு அந்தப் பொண்ணுகிட்டப் பேசித் தொலையேண்டா” என்று காலையில்கூட அக்கா தலையில் அடித்துக்கொண்டாள்.

இன்று சொல்லிவிடுவான். கட்டாயம் சொல்லிவிடுவான். முதலில் பிக்கப்பைத் தேர்ந்தெடுக்கட்டும்.

அவனுக்கு மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் பார்க்கும் வேலை. ‘இது தெளிவா, அது தெளிவா?’ என்று நாள் முழுக்கக் கேட்டுக்கொண்டிருப்பான். குத்துமதிப்பாக அடித்துவிடுகிறவர்களைப் பிடிக்க, நடுவில் ஒரே கண்ணாடியை இரண்டு முறை போட்டுப் பார்ப்பது அவன் வழக்கம். பத்தில் ஒன்பது பேர், இரண்டாவதுதான் பளிச்சென்று இருக்கிறது என்று சத்தியம் செய்வார்கள்.

போன வருடம் ஒருத்தி மட்டும், “ரெண்டும் ஒண்ணுதானே சார், என்ன விளையாடுறீங்களா?” என்றாள்.

அன்று விழுந்தவன்தான். அவள் என்ன வேலை செய்கிறாள் என்று கேட்டுக்கொண்டு, வீட்டுக்குப் போய், கல்லூரியோடு தலைமுழுகிய கிட்டாரைப் பரணிலிருந்து இறக்கினான்.

“முதல்ல, உள்ள இருக்கிறதுல என்ன குறைன்னு சொல்லுங்க சார்.”

அவள் கிட்டாரை மடியில் வைத்து ஒரு முறை மீட்டினாள். அவன் கண்ணை மூடிக்கொண்டான். வாய் தன்பாட்டுக்கு ஓடியது.

“இது ரொம்பக் கூர்மையா இருக்குங்க. இதுக்கு முன்னாடி போட்டீங்களே, அதுல ஒரு குளிர்ச்சி இருந்துச்சு. ரெண்டாவது கொஞ்சம் தடிமன். முதல்ல போட்டது, என்ன சொல்றது, தூங்கி எழுந்த மாதிரி.”

அவள் கன்னத்தை உள்ளே கடித்துக்கொண்டு, தந்திகளைத் தளர்த்திவிட்டு, திருப்புளியை அவன் கையில் கொடுத்தாள்.

எட்டுத் திருகுகள். இதுவரை அவன் அந்தக் கிட்டாரைத் திறந்ததே இல்லை. வெள்ளைத் தகட்டைத் தூக்கியதும் உள்ளே இருந்து பழைய தூசி பறந்தது. சாலிடர் பொட்டுகள் கறுத்துக் கிடந்தன. பிக்கப்பின் முதுகில் மஞ்சளேறிய ஒரு சீட்டு. அதில் கம்பெனி முத்திரை. முத்திரையில், அவன் கல்லூரியில் சேர்ந்த வருடம்.

அவன் அதைத் தடவிப் பார்த்தான். சீட்டு அசையவில்லை. பதினைந்து வருடமாக யாரும் தொடாத சீட்டு.

“நாலும் ஒண்ணுதான் சார்” என்றாள் அவள்.

அவனுக்குக் காது இரண்டும் கொதித்தன. தூங்கி எழுந்த மாதிரியாம்! மேசைக்கு அடியில் புகுந்துகொள்ளலாமா என்று இருந்தது. அதே சமயம், வயிற்றுக்குள்ளிருந்து ஒரு சிரிப்பு அடக்க முடியாமல் ஏறி வந்தது. அவளும் சிரித்துவிட்டாள். இருவரும் மூச்சு வாங்கும்வரை சிரித்தார்கள்.

“நல்லா இருக்கிறதை எதுக்கு மாத்தணும்? அதுவுமில்லாம, மாத்தி உங்களுக்குப் பிடிச்சுப்போச்சுன்னா, அப்புறம் எதுக்கு வருவீங்க?”

சொல்லிக்கொண்டே மேசை இழுப்பறையை இழுத்தாள்.

அவன் கொண்டுவந்த நான்கு பெட்டிகளும் பிரிக்கப்படாமல் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றின் மேலும் தேதி போட்டு, பலகையில் இருந்த அதே கையெழுத்தில் பொடிப்பொடியாக ஏதோ எழுதியிருந்தது. அவன் குனிந்து படித்தான்.

‘நீலச் சட்டை. சொல்லவில்லை.’

‘கோடு போட்ட சட்டை. மழையைப் பற்றி இருபது நிமிடம். சொல்லவில்லை.’

‘புதுச் செருப்பு. வாயைத் திறந்தார், தண்ணீர் கேட்டார். சொல்லவில்லை.’

‘முடி வெட்டியிருந்தார். சொல்லவில்லை. நானும்.’

அவன் நிமிர்வதற்குள் அவள் புதிதாக வந்த இரண்டு பெட்டிகளில் ஒன்றை ஐந்தாவதாக எடுத்து வைத்துக்கொண்டாள். இன்றைய தேதியை எழுதினாள். ‘மறுபடி நீலச் சட்டை’ என்று எழுதி முற்றுப்புள்ளி வைத்தாள்.

அதற்கு மேல் எழுதவில்லை. பேனாவை மூடாமல் பிடித்துக்கொண்டு அவனைப் பார்த்தாள்.