போட்டோக்காரி

"ஆடாதீங்க, அசையாதீங்கன்னு சொல்றதுக்கு ஒரு படிப்பு, அதுக்கு ஒரு வெள்ளைக் கோட்டு வேற. நல்லாத்தான் இருக்கு உன் பொழப்பு."

ஸ்கேன் மேசையில் மல்லாந்து படுத்தபடி நாத்தனார் இப்படிச் சொன்னதும், கையில் ஊசி பொருத்திக்கொண்டிருந்த நர்ஸுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. பக்கத்தில் நின்ற தம்பி மனைவிக்கு முகம் சிவந்துவிட்டது. பதினோரு வருஷமாக இதே ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுப்பவள் அவள். வீட்டில் அவளுக்குப் பெயர் போட்டோக்காரி. வைத்த புண்ணியவதி நாத்தனார்தான்.

"அண்ணி, மருந்து உள்ள போறப்ப உடம்பு சூடாகும். பயப்படாதீங்க."

"நாய் துரத்தியே நான் பயந்ததில்ல, இந்த மெஷின் வளையத்துக்கா பயப்படப் போறேன்? கட்டி தாடையில. நீ காலைப் போட்டோ எடுக்கற. என்ன வைத்தியமோ."

"கட்டியோட தாடை எலும்பையும் வெட்டி எடுத்துடுவாங்க அண்ணி. கால் எலும்புல ஒரு துண்டை எடுத்துத்தான் புதுத் தாடை செய்யப் போறாங்க. அந்த எலும்புக்கு ரத்தம் கொண்டுவர்ற குழாயையும் சேர்த்து எடுக்கணும். அது எப்படிப் போகுதுன்னு பார்க்கத்தான் இந்தப் படம்."

"பாரு, நல்லாப் பாரு. பருப்புல கல்லு பொறுக்க உட்கார்ந்தாலே மூணு தடவ பார்க்கறவதானே நீ. உன் சமையல் ஆகறதுக்குள்ள எங்களுக்குப் பசியே செத்துப்போகும்."

தாடைக்குள் கட்டி வந்தும் அந்த வாய் மட்டும் ஓயவில்லை. நாத்தனார் தபால்காரி. இருபத்தெட்டு வருஷமாகத் தெருத்தெருவாக நடந்து கடிதம் கொடுக்கிறவள். அந்தக் கால்களில் ஒன்றில்தான் கத்தி வைக்கப் போகிறார்கள். ஸ்கேன் சீட்டில் பெரிய டாக்டர் பென்சிலால் 'இடது கால்' என்று குறித்திருந்தார்.

படத்தை அனுப்பியதோடு போட்டோக்காரியின் வேலை முடிந்தது. ஆனால் முழங்காலிலிருந்து கால்விரல் வரை ஒவ்வொரு குழாயாகப் பின்தொடர்ந்து பார்க்காவிட்டால் அவளுக்குச் சோறு இறங்காது. வலது காலில் மூன்று குழாய்களும் ஒழுங்காக இறங்கின. இடது காலைப் பார்த்தாள். இன்னொரு தடவை பார்த்தாள். மூன்றாவது தடவையும் பார்த்துவிட்டு, சீட்டில் இருந்த 'இடது கால்' என்ற குறிப்பைப் பார்த்தாள்.

மறுநாள் காலை பெரிய டாக்டரின் அறைக்குப் போனாள்.

"வாங்க, உட்காருங்க. ஸ்கேன்ல இருக்கறவங்கதானே?"

உட்காரவில்லை. "டாக்டர், இன்னிக்கு முடிவு பண்ணப் போறீங்களே, அந்தத் தபால்கார அம்மா. இடது கால் வேண்டாம்."

சொல்லியே விட்டாள். படம் எடுக்கிறவள் டாக்டருக்கு யோசனை சொல்வதாவது. இத்தனை வருஷத்தில் அவள் வாயைத் திறந்ததே இல்லை.

"ரிப்போர்ட்ல அடைப்பு எதுவும் இல்லன்னுதானே போட்டிருக்கு?"

"அடைப்பு இல்ல டாக்டர். ஆனா பாதத்துக்குப் போக வேண்டிய மத்த ரெண்டு குழாயும் நூல் மாதிரி ஓடி, பாதி வழியிலயே நின்னுடுது. நீங்க எலும்போட எடுக்கப்போற குழாய் ஒண்ணுதான் அந்தப் பாதத்துக்குச் சோறு போடுது. அதையும் எடுத்துட்டா அவங்க நடக்கவே முடியாது."

டாக்டர் திரையைத் தன் பக்கம் திருப்பினார். ஒவ்வொரு படமாக நகர்த்தினார். பத்து நிமிஷம் இருக்கும். அவளுக்கு அது ஒரு யுகமாகத் தெரிந்தது. கடைசியில் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

"நீங்க அந்த அம்மாவுக்கு என்ன வேணும்?"

போச்சு. சொந்தம் என்று தெரிந்தால், பயத்தில் உளறுகிறாள் என்றல்லவா நினைப்பார்?

"தம்பி சம்சாரம். அதுக்காகச் சொல்லல டாக்டர். யார் காலா இருந்தாலும் இதையேதான் சொல்லியிருப்பேன்."

அவர் பேனாவை எடுத்து, கோப்பில் 'வலது கால்' என்று அழுத்தி எழுதினார். "நீங்க சொன்னது நூத்துக்கு நூறு சரிம்மா. ஒரு பாதத்தைக் காப்பாத்திட்டீங்க."

அவளுக்குப் பெருமை பிடிபடவில்லை. வீட்டுக்குப் போய்ச் சொல்லலாமா? சொன்னால், 'போட்டோக்காரி டாக்டராயிட்டாளாம்' என்று நாத்தனார் ஊரைக் கூட்டிவிடுவாள். வேண்டவே வேண்டாம். தனக்குத் தெரிந்தால் போதும்.

"ரொம்ப நன்றி டாக்டர். வேற யாராவது இருந்தா, 'உன் வேலையைப் பார்த்துட்டுப் போ'ன்னு துரத்தியிருப்பாங்க."

"நானும் துரத்தியிருப்பேனோ என்னவோ" என்று டாக்டர் சிரித்தார். "ஆனா எனக்கு வேற வழி இல்ல. பென்சில்ல குறிச்சு வச்சுட்டு, நீங்க எப்ப வருவீங்கன்னு நேத்துலேருந்து கதவைப் பார்த்துட்டிருக்கேன்."

கோப்பிலிருந்து சம்மதப் படிவத்தை உருவி நீட்டினார். ஸ்கேன் எடுப்பதற்கு நாலு நாள் முந்தைய தேதி. 'எந்தக் கால்' என்ற கட்டத்தில் இடம் போதாமல் ஓரம் வரைக்கும் ஓடியிருந்தது நாத்தனாரின் கோணல்மாணல் கையெழுத்து:

"அதை என் தம்பி பெண்டாட்டி போட்டோக்காரி சொல்லட்டும். மூணு தடவை பார்க்காமல் அவள் எதையும் சொல்ல மாட்டாள். அவள் சொல்லும்வரை என்மேல் யாரும் கத்தி வைக்கக் கூடாது."