வாய் பட்ட கோப்பை

ஓட்டல்களிலிருந்து வரும் காபிச் சக்கைக்குள்ளும் எச்சில் சோற்றுக்குள்ளும் முழங்கைவரை கைவிட்டு, முடியையும் பல்குத்தும் குச்சியையும் பொறுக்கி எறிவது தவமணியின் வேலை. அந்தச் சகதியை அரைத்து அழுத்திச் செய்த கோப்பைகளில்தான் அன்று தொழிற்சாலையில் எல்லோருக்கும் காபி. "மோந்து பாருங்க சார், ஊர் எச்சில்னு யாராவது சொல்வாங்களா?" என்று விருந்தாளிகள் முன் உறிஞ்சிக் காட்டினார் முதலாளி. தவமணியும் ஒன்றில் குடித்துவிட்டு, மற்றவற்றோடு கழுவப் போட்டாள். மறுநாள் ஒரே ஒரு கோப்பை அவளுடைய கழிவுக் குவியலின்மேல் கிடந்தது. "நீ வாய் வச்சதாம்க்கா. தனியா எறியச் சொன்னாரு" என்றான் வாட்ச்மேன், அவள் முகத்தைப் பார்க்காமல். அவள் அதையும் அரவையில் போட்டு மாவாக்கினாள். அடுத்த வாரம் முதலாளி அந்த மாவில் செய்த புதுக் கோப்பை ஒன்றின் விளிம்பைச் சப்பிச் சப்பிக் குடித்துக்கொண்டிருந்தார். பார்த்த தவமணிக்குக் குமட்டிக்கொண்டு வந்தது.