காலிக் கட்டம்

"இல்லைன்னா எப்படிம்மா? நான்தான் உன் எதிர்ல குத்துக்கல்லாட்டம் உட்கார்ந்திருக்கேனே."

ஓய்வுபெற்ற வங்கி மேலாளர் தன் வம்ச அட்டவணையை மேஜையில் விரித்தார். நாலு தலைமுறை, நாற்பத்தாறு கட்டம். ஒவ்வொன்றிலும் பிறந்த தேதி, பதிவு எண். ஒன்று மட்டும் காலி.

"எழுதினவன் கட்டமே காலி. மாப்பிள்ளை இல்லாத கல்யாண போட்டோ மாதிரி இருக்கு."

பதிவறை எழுத்தர் சிரிக்கவில்லை.

"அந்த மாசம் பூரா ரெண்டு தடவை பார்த்துட்டேன் சார். உங்க அப்பா, அம்மா பேர்ல எந்தப் பிறப்புப் பதிவும் இல்லை."

"இந்த மூக்கைப் பாரு. கொள்ளுத்தாத்தாவோட மூக்கு. வம்சத்துல யாரைக் கேட்டாலும் சொல்வாங்க. போய் ஒழுங்காத் தேடு."

அவள் உள்ளறைக்குப் போனாள். அரைமணி நேரம் கழித்து வெறுங்கையோடு வந்தாள்.

"கூடப்பிறந்தவங்க யாராவது இருக்காங்களா சார்?"

"ஒரே பிள்ளை."

"அம்மா?"

"இருக்காங்க. எண்பத்து நாலு வயசு. யாரையும் அடையாளம் தெரியலை, என்னைத் தவிர. நான் ஊட்டினாத்தான் வாயே திறப்பாங்க. பதிவு இல்லைன்னு நீ எழுதிக் கொடு. என்னை எங்கேதான் பெத்தேன்னு அவங்களையே உலுக்கிக் கேட்டுடறேன்."

எழுத்தர் பேனாவைத் திறந்தாள். மறுபடி மூடினாள்.

"அவங்களைக் கேட்க வேணாம் சார். உங்க பதிவு இருந்தது. போன வருஷம் பைண்டிங்குக்கு அனுப்பினப்போ அந்தத் தாள் விட்டுப்போச்சு."

"இதை முதல்லயே சொல்றதுக்கென்ன?"

"பயம் சார்."

மேலாளர் நேரே பதிவாளர் அறைக்குப் போய், ஆளையே கையோடு கூட்டிவந்தார்.

"பைண்டிங் யார் பொறுப்புல போச்சு?" என்றார் பதிவாளர்.

"என் பொறுப்புலதான் ஐயா."

"அடுத்த மாசம் உனக்குப் பதவி உயர்வு வர இருந்தது."

"தெரியும் ஐயா."

"எழுதிக் கொடு."

எழுதினாள். மேலாளர் அவள் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தார். முப்பது வருஷம் அடுத்தவர் எழுதியதைத் திருத்திய கை சும்மா இருக்குமா?

"'விடுபட்டது'ன்னு என்ன மழுப்பல்? 'தொலைத்துவிட்டேன்'னு போடு."

அடித்து, அப்படியே போட்டாள்.

மேலாளர் தன் காலிக் கட்டத்தில் சின்ன எழுத்தில் நிரப்பினார்: 'பதிவு உண்டு. ஊழியரின் அலட்சியத்தால் தாள் தொலைந்தது.' அட்டவணையைச் சுருட்டினார்.

"ஒரு மனுஷனோட பிறப்பையே தொலைச்சிட்டியேம்மா. நல்லா இரு. எனக்கு நேரமாச்சு, அம்மா பசி தாங்க மாட்டாங்க."

அவர் படியிறங்கும்வரை நின்றிருந்துவிட்டு, எழுத்தர் உள்ளறைக்குத் திரும்பினாள்.

பிறப்புப் புத்தகத்தில் கிடைக்காத பெயரை அங்கே கடைசியாக ஒரு மெலிந்த புத்தகத்தில் தேடுவார்கள். அப்படி ஒன்று இருப்பது வெளியாருக்குத் தெரியாது. மேஜைமேல் அது திறந்தபடி கிடந்தது.

மூடுவதற்குமுன் இன்னொருமுறை படித்தாள். அதே தேதி, அதே அப்பா, அதே அம்மா.

'ஆண். இறந்து பிறந்தது. தாயின் கருப்பை அகற்றப்பட்டது.'