ராசம்மாவின் பெயர் வராத திரை

14.10.2003, செவ்வாய். இன்று பிழை என்னுடையது. போன மாதம் காய்ச்சலில் இறந்துபோன என் வகுப்புத் தோழன் ரஜீவ், தன் அம்மாவின் பெயரைத் திரையில் தமிழில் காட்டும் கணினி நிரல் ஒன்றை எழுதியிருந்தான். எழுத்துகளை வரையும் பகுதியைத் தனியாக ஒரு நூலகக் கோப்பில் எழுதி வைத்திருந்தான். நிரல் ஓடும்போதுதான் அதைத் தேடும். பண்டாரவளைக் கணினி வகுப்பில் மூன்று தடவை ஓட்டிப் பார்த்த நான், அந்தக் கோப்பை விட்டுவிட்டு நிரலை மட்டும் பிளாப்பியில் எடுத்து வந்திருக்கிறேன். பதுளை வகுப்பறையில் சாயங்கால வெளிச்சம் விசைப்பலகை வரைக்கும் வந்து நிற்கிறது. வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போகாமல் ஸ்பிரிங்வெளித் தோட்டத்திலிருந்து வந்த அவன் அம்மா ராசம்மா, தேயிலைக் கொழுந்துக் கறை படிந்த விரலைச் சேலையில் துடைத்துக்கொண்டு திரையருகே குனிகிறார். கோப்பு இல்லை என்று ஆங்கிலத்தில் ஒரு சாம்பல் நிறப் பெட்டி வருகிறது.

“என் பேரு இம்புட்டு நீளமில்லையே, புள்ள.”

“அது உங்க பேரு இல்லைங்கம்மா. அவன் எழுதினதுல ஒரு பாதிய நான் பண்டாரவளையிலேயே விட்டுட்டு வந்துட்டேன்.”

“எனக்குப் படிக்கத் தெரிஞ்சது அந்த ஒரு பேருதான். அவன்தான் சொல்லிக் குடுத்தான்.” அந்தப் பெட்டியை விரலால் ஒருமுறை தடவிவிட்டு, குடையை எடுத்துக்கொள்கிறார்.

நாளை: முதல் பஸ்ஸில் பண்டாரவளை. ஒன்பது மணிக்குப் புது வகுப்புக்காகக் கணினிகளில் உள்ளதையெல்லாம் அழிப்பதற்கு முன் ரஜீவின் கோப்பை எடுக்க வேண்டும். வேறொரு கணினியில் ஓட்டிப் பார்த்த பிறகே ராசம்மாவுக்குச் சொல்லி அனுப்ப வேண்டும்.